ரேக் காயவைக்காது

பேலர் வைத்திருப்பவர்கள் அடுத்துக் கேட்பது, ‘ரேக்கும் வேண்டுமா?’ என்பதுதான். தரையில் கிடக்கும் புல்லையும் வைக்கோலையும் பேலரே வாரி உருளையாகக் கட்டிவிடுகிறது. அதற்கு முன்னால் இன்னொரு கருவியை டிராக்டரில் மாட்டி இன்னொரு நடை டீசல் எரிப்பானேன்? நியாயமான கேள்வி. ரேக் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று பிரித்துப் பார்த்தால் விடை தானே வரும்.

அறுத்த பசும்புல்லில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர். கட்டி அடுக்கிய பிறகு பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். ஒரு டன் உலர்புல் வேண்டுமானால் நான்கு டன் பசும்புல் அறுக்க வேண்டும். மூன்று டன் நீர் வயலிலேயே ஆவியாக வேண்டும். அதைச் செய்வது வெயிலும் காற்றும். ரேக் செய்வது வேறு: பரந்து கிடப்பதை வரிசையாகத் திரட்டுகிறது. திரட்டினால் வெயில்படும் பரப்பு சுருங்கும். அறுத்த அன்றே ரேக் ஓட்டினால் ஈரம் வரிசைக்குள் அடைபட்டுக்கொள்ளும். புல்லின் அடிப்பக்கம் புரண்டு மேலே வருவதால் கொஞ்சம் காற்று படும், அவ்வளவே. உதறிப் பரப்பிக் காயவைக்க டெடர் என்று தனிக்கருவி இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான்.

அப்படியானால் லாபம் எங்கே? பேலரின் நடையில். மெலிந்து கிடக்கும் இரண்டு வரிசைகளை ரேக் ஒன்றாக்கிவிட்டால் பேலர் பாதி நடையில் வேலையை முடித்துவிடும். பேலர் வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது என்றால் இது சிறிய மிச்சமல்ல. வரிசையின் அகலம் பேலரின் வாய்க்குப் பொருந்தினால் உருளையும் இருபுறமும் சமமாக இறுகும். நடுவில் மட்டும் குவிந்த வரிசையை ஓட்டிப் பாருங்கள், பீப்பாய் மாதிரி வயிறு புடைத்த கட்டுதான் வரும்.

லாபத்தைத் தின்பது தவறான நேரத்தில் ஓட்டுவது. குதிரை மசாலில் புரதத்தின் பெரும்பங்கு இலையில் இருக்கிறது. தண்டு காய்வதற்கு முன்பே இலை சருகாகிவிடும். உச்சிவெயிலில் ரேக் ஓட்டினால் மாட்டுக்குப் போக வேண்டியது மண்ணுக்குப் போகும், மிஞ்சுவது குச்சி. கடலைக் கொடியை நடுப்பகலில் உதறியவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. எள்ளை விடிகாலையில் அறுப்பதற்கும் கிட்டத்தட்ட இதே காரணம்தான். ஆகவே பயறுவகைத் தீவனத்தைச் சற்று ஈரம் இருக்கும்போதே, இல்லையென்றால் காலைப் பனியின் பதத்தில் திரட்டிவிட வேண்டும். வெறும் புல்லுக்கு இவ்வளவு கவலை இல்லை.

இன்னொன்று, மண். பல் தரையைக் கீறினால் புல்லோடு புழுதியும் கல்லும் உருளைக்குள் சேரும். சக்கர ரேக் விலை குறைவு, டிராக்டரின் சுழல்விசையும் தேவையில்லை. ஆனால் தரையை உராய்ந்தே சுழல்வதால் மண் சேர்ப்பதில் அதுதான் முன்னிற்கிறது. சுழல் ரேக் மெல்லத் தூக்கி வைக்கும், விலைதான் கடிக்கும். எதுவானாலும் பல்லின் உயரத்தைச் சரிபார்க்காமல் வயலில் இறக்கக் கூடாது.

நம் டெல்டாவுக்கு வருவோம். அறுவடை வண்டி பின்னால் கொட்டும் வைக்கோல் பெரும்பாலும் வரிசையாகவே விழுகிறது. காய்ந்த தரையில், தை மாதச் சம்பா அறுவடையில், அதன்மேல் மறுபடி ரேக் ஓட்டுவது வீண்செலவு என்பதே என் எண்ணம். குறுவை கதை வேறு. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த வைக்கோல் மேலே காய்ந்தும் அடியில் ஊறியும் கிடக்கும். மழை விட்டு, தரை டிராக்டரைத் தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகு ஒருமுறை புரட்டிப் போட்டால் அழுகவிருந்தது தப்பும். சேற்றில் இறக்கினால் வைக்கோலில் சேறுதான் ஏறும்.

பதம் பார்க்க ஈரமானி இல்லையா? கைப்பிடிப் புல்லை நறுக்கி, உலர்ந்த உப்போடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிக் குலுக்குங்கள். உப்பு கட்டிபிடித்தால் இன்னும் காய வேண்டும். உதிரியாகவே நின்றால் கட்டலாம்.

பத்து ஏக்கருக்கு மேல் தீவனப்புல்லோ மசாலோ உலர்த்திக் கட்டுபவருக்கு ரேக் சொந்தமாக இருப்பது நல்லது. இரண்டு மூன்று ஏக்கர் வைக்கோலுக்காக வாங்க வேண்டாம். மழை நனைத்த ஆண்டில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.