இல்லம் இனிக்க: இரு கடல்களுக்கு நடுவே



தாங்களும் தங்கள் வாழ்க்கைத் துணையும் கடைசியாக எப்போது ஒன்றாகப் பயணம் செய்தீர்கள்? திருமணத்திற்கும், மௌத்து வீட்டிற்கும், மருத்துவமனைக்கும் சென்றவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். இருவரும் இருவருக்காகவே சென்ற பயணம் எது?

இக்கேள்விக்கு விடை கூற முடியாமல் தலைகுனிந்தவர்களில் நானும் ஒருவன். காஞ்சி நகரை அடுத்த ஓரிக்கையில் எங்கள் இல்லறம் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. எம்மூர்த் தறிகளில் கோர்வைச் சேலை நெய்வதைத் தாங்கள் பார்த்திருக்கலாம். சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடாக்கள். ஒருவர் நெய்ய, கரை நாடாவைத் தள்ள மற்றொருவர் அருகில் அமர்ந்திருப்பார். ஒருவர் மட்டும் அவசரப்பட்டால் கோர்வை பிசகிவிடும். இதனை நாள்தோறும் கண்டும், என் இல்லறத்தில் நான் அவசரக்காரனாகவே இருந்துவிட்டேன்.

இளைய மகளை மணமுடித்துக் கொடுத்த பின்னர், அண்மையில் இருவரும் எங்கள் பழைய காரில் இராமேசுவரம் தீவுக்குப் புறப்பட்டோம். ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஒரே மூச்சில் ஓட்டிவிட வேண்டும் என்பது என் திட்டம். பாலாற்றைக் கடந்து, புதுவையை அடைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்தோம். அதிராம்பட்டினத்திற்கு அப்பால், மல்லிப்பட்டினத்திற்கு அருகில் மனோரா தென்பட்டது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கடலோரத்தில் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம் அது.

“சற்று நிறுத்துங்களேன், பார்த்துவிட்டுப் போகலாம்” என்றாள் என் மனைவி.

“வரும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. மெல்லச் சொன்னாள்: “என்னங்க, முப்பது வருடமாக வரும்போது பார்க்கலாம் என்றுதான் சொல்கிறீர்கள். வரும்போதெல்லாம் இருட்டிவிடுகிறதே!”

வண்டியைத் திருப்பினேன். அன்று திரும்பியது வண்டி மட்டுமன்று. ஒரு நாளில் முடிக்க எண்ணிய வழியை இரண்டு நாட்களில் கடந்தோம். பிரயாணிக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழவும் சலுகை அளித்த மார்க்கம் நம்முடையது. அவ்வாறு எளிதாக்கப்பட்ட பயணத்தை அவசரத்தால் நாமே கடினமாக்கிக் கொள்கிறோம் அல்லவா?

மண்டபத்தைத் தாண்டியதும் பாம்பன் பாலம். 1914 முதல் தீவுக்கு ரயில் பாதை உண்டு. ஆனால் 1988-இல் இந்தச் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை சாலை வழி கிடையாது. பழைய ரயில் பாலத்தில் 2022-இன் இறுதியில் போக்குவரத்து நின்றது. அதனருகே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது செங்குத்தாக மேலெழுந்து வழிவிடுகின்றது.

பாம்பன் கரையில் பெண்கள் சிலர் கடற்பாசி சேகரித்துக் கரையேறிக் கொண்டிருந்தனர். பாறையும் பவளமும் கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தார்கள். நோன்பு திறக்க நம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி உறைய வைக்கிறோமே, அந்தக் கடற்பாசி இத்தகைய பாசியிலிருந்துதான் எடுக்கப்படுகின்றது. என் மனைவி ஒரு பெண்மணியுடன் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி நின்ற என் காதிலும் அப்பேச்சு விழுந்தது.

அவளுடைய பாட்டனார் கொழும்பில் வணிகம் செய்தவர். அக்காலத்தில் சென்னையிலிருந்து ‘போட் மெயில்’ ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் செல்வார்கள். சிறுவனாயிருந்த அவளுடைய அத்தா, தனுஷ்கோடித் துறையில் நின்று தம் தந்தைக்குக் கையசைத்து வழியனுப்பியவராம். “அத்தா கடைசிவரை அந்த இடத்தைப் பற்றியே பேசுவார். ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை” என்று அந்தப் பெண்ணிடம் அவள் கூறினாள்.

முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் அவள் சொன்னதை, முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த நான் அறியவில்லை. அவள் மறைக்கவில்லை; நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை தனுஷ்கோடிக்குச் சென்றோம். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் அவ்வூரையும், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் விழுங்கியது. இன்று எஞ்சியிருப்பவை இடிந்த தேவாலயமும், ரயில் நிலையச் சுவர்களும், இன்னும் சில கட்டடங்களுமே. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதால் நிலத்தின் கடைசி முனைக்கே வாகனத்தில் செல்ல முடிகிறது. அத்தா நின்ற துறையை எங்களால் அடையாளம் காண இயலவில்லை. எனினும் அவள் கடலை நோக்கி நெடுநேரம் நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சாலையின் ஒருபுறம் அமைதியான பாக் நீரிணை. மறுபுறம் அலை கொந்தளிக்கும் மன்னார் வளைகுடா. இவற்றைப் பெண் கடல் என்றும் ஆண் கடல் என்றும் மக்கள் அழைக்கின்றனர். அங்கிருந்த முதிய மீனவர் ஒருவர் விளக்கினார்: தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் கடல் பொங்கும், பாக் கடல் அடங்கியிருக்கும். வாடைக் காற்று வந்தால் நிலைமை தலைகீழாகும். ஒரு கடல் சீறும்போது மற்றது அமைதி காப்பதால் படகுக்காரர் பிழைப்பும் நடக்கின்றது.

இதைக் கேட்டு என் மனைவி சிரித்தாள். “நம் வீட்டில் எல்லாப் பருவத்திலும் ஒரே கடல்தானே பொங்குகிறது!” என்றாள். அக்கடல் எதுவென்று வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!

திரும்பும் வழியில் கீழக்கரை சென்றோம். வள்ளல் சீதக்காதி எழுப்பிய கல் பள்ளிவாசலின் தூண்களைக் கண்டு வியந்தோம். மகளுக்காகத் தொதலும் வாங்கினோம். ஐந்தாம் நாள் ஓரிக்கை வந்து சேர்ந்தோம்.

அன்புச் சகோதரர்களே! இராமேசுவரம்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. வசதியில்லையேல் ஊர் எல்லையிலுள்ள ஆற்றங்கரை போதும். அவசரமின்றிச் செல்லுங்கள், அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள், அவர் பேசுவதைச் செவிமடுங்கள். “வரும்போது பார்க்கலாம்” என்ற சொல்லை மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். எல்லோருக்கும் வரும் வழி வெளிச்சமாக இருப்பதில்லை.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் அமைதியையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.