பட்டை யாருக்கு?

இரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்திச் செய்யும் வலுப்பயிற்சி, முழங்கால் அறுவைக்குப் பிந்தைய சிகிச்சையைத் தாண்டி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் பயிற்சி அறைக்கும் வந்துவிட்டது. ஜப்பானில் யோஷியாகி சாட்டோ வளர்த்தெடுத்த 'காட்சு' முறையின் வாரிசு இது. மேல்தொடையில் காற்றடைத்த பட்டை. ஒருமுறை தூக்க முடிந்த உச்ச எடையில் 20 முதல் 30 விழுக்காடு சுமை. முதல் சுற்றில் 30 தடவை, அடுத்த மூன்று சுற்றுகளில் தலா 15 தடவை. ஆக்சிஜன் குறைந்து கழிவுகள் தேங்கும்போது தசை சீக்கிரம் களைக்கிறது. அதை ஈடுகட்ட, பெருஞ்சுமைக்கே விழிக்கும் பெரிய இயக்க அலகுகளும் வேலைக்கு வருகின்றன. நல்ல உத்திதான். யாருக்கு என்பதில்தான் சறுக்குகிறோம்.

எம்.எஸ். உள்ளவர் உடலை வருத்தக் கூடாது என்ற பழைய அறிவுரையை 1996இல் பெட்டாஜன் குழுவின் 15 வார ஏரோபிக் பயிற்சி ஆய்வே ஆட்டங்காண வைத்தது. படிப்படியாகச் சுமை கூட்டும் வலுப்பயிற்சியும் மிதமான இயலாமை வரை ஏற்றது என்பதை டென்மார்க்கின் உல்ரிக் டால்காஸ் குழுவினர் காட்டினர். உடல் சூடேறினால் பார்வை மங்கலாம், கால் தளரலாம். 1890இல் உஹ்தாஃப் விவரித்த இந்நிகழ்வு உடல் குளிர்ந்ததும் நீங்கும், நோய் முற்றியதாகாது. ஆகவே எடை தூக்க இயன்றவருக்குப் பட்டை கட்டுவது பெரும்பாலும் நம் பயத்துக்குச் செய்யும் வைத்தியம். பலவீனத்தின் வேர் நரம்பில் இருக்க, தசையைத் தூண்டி என்ன பயன் என்று கேட்கலாம். பாதி நியாயம். பயன்படுத்தாமல் மெலிந்த தசையும் அந்தப் பலவீனத்தில் ஒரு பங்கு. பட்டை உதவுவது அங்கேதான். நரம்புத் தூண்டலை மீட்கப் பெருஞ்சுமையே வலுவான வழி என்பதால், இந்த ஆட்சேபமும் பட்டையின் எல்லையைத்தான் காட்டுகிறது.

ஆனால் பெருஞ்சுமையின் எல்லைக்கு அப்பால் இருப்பவர்களை மறக்கலாகாது. எம்.எஸ். தரும் இயலாமையை அளக்கும் இ.டி.எஸ்.எஸ். அளவுகோலில் 6ஐக் கடந்து, ஊன்றுகோலோடு நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் பெருஞ்சுமை பல நேரம் வெறும் ஏட்டுப் பரிந்துரை. கடும் இயலாமை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. பட்டைப் பயிற்சியைத் தாங்க முடிகிறது என்பதை அவை சொல்கின்றன, மற்றப் பயிற்சிகளைவிட மேல் என்று நிறுவவில்லை. ஆபத்தும் இவர்களுக்கே கூடுதல்: அசையாக் காலில் இரத்தம் உறையலாம், தொடு உணர்வு மங்கியவர் பட்டை இறுகியதை உணராமலே போகலாம், தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் இரத்த அழுத்தம் எதிர்பாராதபடி மாறும். கண்ணளவில் இறுக்கும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. தமனி ஓட்டம் முற்றிலும் நிற்கும் அழுத்தத்தை டாப்ளர் கருவியில் அளந்து, அதில் 40 முதல் 80 விழுக்காட்டுக்குள், கீழ்வரம்பில் தொடங்குங்கள். டாப்ளர் இல்லாத சிகிச்சை மையம் பட்டை வாங்குவதைத் தள்ளிப்போடட்டும்.