லிங்க், எக்ஸ்சிடிஎல்... மனப்பாடம் பண்ணி என்ன புண்ணியம்?

மெயின்பிரேம் படிக்கிற மாணவனை நடுராத்திரியில் எழுப்பி, "லிங்க்குக்கும் எக்ஸ்சிடிஎல்லுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேளுங்கள். பதில் டக்கென்று வரும். லிங்க் போட்டால் கூப்பிட்ட புரோகிராமுக்கே திரும்பி வரும், எக்ஸ்சிடிஎல் போட்டால் வராது. சபாஷ்! "சரிப்பா, எதுக்கு இரண்டு வைத்தார்கள்?" என்று அடுத்ததாகக் கேளுங்கள். தூக்கம் கலைந்த முகம்தான் பதில்.

தப்பு அவன் மேல் இல்லை. சி.ஐ.சி.எஸ் கட்டளைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைக்கிற வகுப்பு, சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வரும் கேள்வி-பதில் கோப்பு, அந்தக் கோப்பிலிருந்தே கேள்வி எடுக்கிற இன்டர்வியூ... இந்த மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. நாளைக்கு அதே பையன் ஏதோ ஒரு வங்கியின் கணக்குப் புரோகிராமைத் திருத்த உட்காருவான். வயிற்றைக் கலக்குவது அதுதான்.

ஐபிஎம் 1969-ல் வெளியிட்ட மென்பொருள் சி.ஐ.சி.எஸ். முதலில் மனதில் வைத்தது அமெரிக்காவின் மின்சாரம் போன்ற பொதுச் சேவைக் கம்பெனிகளை. டெர்மினல்கள் நிறைய, நினைவகம் கொஞ்சம். திரையைப் பார்த்து ஒரு கிளார்க் யோசிக்கும் ஒரு நிமிடம் இயந்திரத்துக்கு ஒரு யுகம். அந்த யுகம் முழுக்க அவருடைய புரோகிராம் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் எங்கே போவது?

ஆகவே செய்த ஏற்பாடு இது. திரையைக் காட்டு, ரிட்டர்ன் கட்டளையில் அடுத்த டிரான்சாக்‌ஷன் பெயரை எழுதி வை, செத்துப் போ. கிளார்க் என்டர் தட்டியதும் புதிதாக ஒரு டாஸ்க் பிறக்கும். பழைய டாஸ்க் விட்டுப்போன சொத்து காம்ஏரியா வழியாக அதன் கைக்கு வரும். உட்கார்ந்திருக்கும் கிளார்க்குக்கு ஒரே புரோகிராமோடு பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உள்ளே நடப்பதோ நூறு பிறப்பு, நூறு இறப்பு. எக்ஸ்சிடிஎல்லின் ரகசியமும் இதே கஞ்சத்தனம்தான். லிங்க் போட்டால் கூப்பிட்டவன் தன் வொர்க்கிங் ஸ்டோரேஜோடு காத்திருக்க வேண்டும். எக்ஸ்சிடிஎல் போட்டால் அந்த இடம் திரும்பக் கிடைத்துவிடும். இத்தனைக்கும் கதாநாயகனான ரிட்டர்னுக்குக் கேள்வி-பதில் கோப்பில் கிடைப்பது ஒற்றை வரி!

இது புரியாமல் என்க்யூ கட்டளையைப் படித்தால் என்ன ஆகும் பாருங்கள். "என்க்யூ என்றால் பூட்டு, டிக்யூ என்றால் திறப்பு" என்று எழுதினால் முழு மார்க். கணக்கில் 10,000 ரூபாய். கவுண்ட்டர் புரோகிராம் கணக்கு எண்ணின் மேல் என்க்யூ போட்டு, இருப்பைப் படித்து, திரையில் காட்டிவிட்டு ரிட்டர்ன் ஆகிறது. எழுதியவர் 'பூட்டியாச்சு' என்று நிம்மதியாக இருக்கிறார். ஆனால் டாஸ்க் செத்தபோதே பூட்டும் செத்துவிட்டது. கிளார்க் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஏடிஎம்மில் 6,000 போகிறது. அவர் திரும்பி வந்து 5,000 எடுப்பதாக அடிக்கிறார். புதிய டாஸ்க், காம்ஏரியாவில் இருக்கும் பழைய 10,000-ல் கழித்து 5,000 என்று எழுதி வைக்கிறது. கையில் கொடுத்தது 11,000, மிச்சமும் 5,000! அபெண்ட் இல்லை, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை இல்லை, எல்லாம் சுபம்.

முதலில் படித்த ரெக்கார்டின் நகலைக் காம்ஏரியாவில் வைத்திருந்து, எழுதப் போகும்போது அப்டேட்டுக்காக மறுபடி படித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாறியிருந்தால் கிளார்க்கிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் மருந்து. ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம்.

என்க்யூவில் இன்னொரு குழியும் உண்டு. லெங்த் கொடுத்தால், அந்த இடத்தில் இருக்கும் மதிப்பு (கணக்கு எண் மாதிரி) பூட்டப்படும். லெங்த்தை விட்டுவிட்டால் பூட்டப்படுவது அந்த இடத்தின் முகவரி. ஒவ்வொரு டாஸ்க்குக்கும் வொர்க்கிங் ஸ்டோரேஜ் தனித்தனி, முகவரியும் தனித்தனி. ஆக ஆளாளுக்கு அவரவர் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, பொதுக் கிணற்றைப் பூட்டியதாக நினைத்துக்கொள்ளலாம் :-) சரியாகப் போட்டாலும், அதே பெயரில் என்க்யூ கேட்கிறவனை மட்டும்தான் அது நிறுத்தும். கேட்காமல் நேரே ஃபைலுக்குள் போகிறவனை என்க்யூ கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

சஸ்பெண்ட் கதை இன்னும் சின்னது. "டாஸ்க்கைத் தூங்க வைக்கும்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தூக்கமெல்லாம் இல்லை. சமமான அல்லது மேலான முன்னுரிமையில் யாராவது தயாராக இருந்தால் வழிவிடும், இல்லாவிட்டால் உடனே திரும்பி வந்துவிடும். முடிவில்லாமல் சுற்றும் டாஸ்க்கை சி.ஐ.சி.எஸ் தானே ஏஐசிஏ என்ற அபெண்ட் கொடுத்துக் கொல்லும் (வேறு அளவு கொடுக்காவிட்டால் கெடு 5 விநாடி). அந்தச் சுற்றுக்குள் நல்ல பிள்ளையாக ஒரு சஸ்பெண்ட் போட்டுவிட்டால், சுற்று ஓயாமல் ஓடினாலும் அந்தக் காவல்காரன் கண்ணில் படாது.

"நேரம் இல்லை, முதலில் வேலை கிடைக்கட்டும், மற்றதை வேலையில் கற்றுக்கொள்வார்கள்" என்பது பயிற்சி கொடுப்பவர்கள் சொல்லும் சமாதானம். வேலையில் கற்றுக்கொள்வது என்றால் யாருடைய கணக்கில் கற்றுக்கொள்வது? "பழைய சரக்குதானே, எப்படியும் போகப் போகிறது" என்பவர்களும் உண்டு. 2024-ல் கூட 6.2 என்று புதுப் பதிப்பு வந்த சரக்கு அது. போதாததற்கு, காம்ஏரியாவின் 32 கேபி எல்லையைத் தாண்ட சேனல், கன்டெய்னர் என்று 2005-லேயே வழி வந்துவிட்டது. அந்த எல்லையை இன்னும் கேள்வியாகக் கேட்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தால் பழைய சரக்கு எது?

இன்டர்வியூ எடுக்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. லிங்க், எக்ஸ்சிடிஎல் வித்தியாசத்தை ஒரு தடவை தள்ளி வையுங்கள். கிளார்க் டீ குடிக்கப் போன அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே என்னென்ன உயிரோடு இருக்கும், என்னென்ன இருக்காது என்று கேட்டுப் பாருங்கள்.