இணைப்பு அபராதம் கேட்க ஐந்தாண்டா?

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிக்கிறவர் கையில் ஒரு கம்பெனி சிம் இருக்கும். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தை வியாபாரியிடம் வேறொரு கம்பெனி சிம். பூவோ மணிக்கு மணி விலை மாறுகிற சரக்கு. இவர் கூப்பிட்டு அவருக்கு மணி அடிக்க வேண்டுமானால், நடுவில் இரண்டு நெட்வொர்க்குகளும் சந்திக்கிற இணைப்பு முனை திறந்திருக்க வேண்டும். எத்தனை முனைகள், எந்தத் தேதிக்குள் என்பதைக் கம்பெனிகள் தமக்குள் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. அந்தப் பேச்சில் இழுத்தடிப்பதே பெரியவனுக்கு ஆயுதம். ஆகவே கெடுவும், உறைக்கிற அபராதமும் அரசுத் தரப்பிலிருந்துதான் வர வேண்டும் என்பது என் கட்சி.

2016 செப்டம்பரில் ஜியோ என்ற புதிய கம்பெனி வந்தபோது நடந்ததைப் பாருங்கள். முனைகளின் நெரிசலால் தவறும் அழைப்புகள் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது ஆயிரத்துக்கு ஐந்து என்பது விதி. அது பல மடங்கு மீறப்பட்டதாகக் கண்ட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அக்டோபரிலேயே ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் பரிந்துரைத்தது. தொலைத்தொடர்புத் துறை பணத்தைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது 2021 செப்டம்பரில். உடனே விவகாரம் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போனது. தவறிய அழைப்புகளுக்கு அதனால் என்ன பயன்?

பழைய கம்பெனிகளின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. புதியவர் இலவசமாகப் பேசவிட்டு, அழைப்புகளை வெள்ளமாக எங்கள் பக்கம் தள்ளினால் செலவு யாருடையது என்று கேட்டார்கள். ஆனால் வருகிற அழைப்பை ஏற்பதற்கு அப்போது நிமிடத்துக்கு 14 பைசா கட்டணம் இருந்தது. அது போதாதென்றால் டிராயிடம் வழக்காட வேண்டும். வாடிக்கையாளரின் அழைப்பை நடுவழியில் நிறுத்துவது வழக்காடும் முறையல்ல. (அந்தக் கட்டணம் 2017-இல் 6 பைசாவாகி, 2021-இல் பூஜ்யமானது. அது நியாயமா என்பது தனிச் சண்டை.) கம்பெனிகளின் வியாபாரத்தில் அரசு ஏன் தலையிட வேண்டும் என்பார்கள் சிலர். ஒரு கடை சரியில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். கூப்பிட வேண்டிய ஆளின் நம்பர் எந்தக் கம்பெனியில் இருக்கிறதோ, அங்கே போய்ச் சேர வேறு வழி கிடையாது.

2018 பிப்ரவரியில் அமலுக்கு வந்த டிராயின் இணைப்பு விதிகள், கேட்ட 30 நாளில் பாரபட்சமின்றி ஒப்பந்தம் போட வேண்டும் என்கின்றன. மீறினால் ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் அபராதம். கோடிக்கணக்கில் சந்தாதாரர் வைத்திருக்கும் கம்பெனிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இணைப்பு விதிகளை மறுபரிசீலனை செய்ய டிராய் 2025-இல் கருத்துக் கேட்டது. அந்த 1 லட்ச ரூபாய் உச்சவரம்பை எடுத்துவிட்டு, தவறிய அழைப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அன்றன்றே அபராதம் ஏறும்படி டிராய் விதியைத் திருத்த வேண்டும்.