விலைக்கு வாங்கிய வீரம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

தலைப்பைக் கண்டு, புறநானூற்றுப் போர்க்களத்தைப் பற்றிய கட்டுரை என்று எண்ணித் தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் ஆவலோடு இப்பக்கத்தைத் திருப்பியிருந்தால் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுத வந்தது கைப்பேசியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு செய்தியைப் பற்றி. துப்பாக்கியை மேம்படுத்துவது! நம் விடுதி மொழியில் சொன்னால் 'அப்கிரேடு'.

இது ஆண்டு மலரில் எழுதத் தக்க பொருள்தானா என்று கேட்பவர்கள், இரவு பதினொரு மணிக்கு மேல் நம் விடுதித் தாழ்வாரத்தில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அறைக்கு அறை குண்டுச் சத்தம். வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் விவாதிப்பதில்லை. எந்தப் பாடத்திற்கும் கொடுக்காத நேரத்தை இதற்குக் கொடுக்கிறோம். அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி நாமே ஒரு பக்கம் சிந்தித்து எழுதினால் குற்றமாகிவிடாது அன்றோ?

விளையாடாதவர்களுக்காகச் சில வரிகள். 'பேட்டில் ராயல்' என்ற பெயர், ஜப்பானிய எழுத்தாளர் கௌஷுன் தகாமி 1999இல் வெளியிட்ட ஒரு நாவலின் பெயர். மறு ஆண்டே அது திரைப்படமாயிற்று. அந்தக் கருவைக் கணினி விளையாட்டாக வளர்த்தவர்களுள் முக்கியமானவர் அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன். அவர் தென்கொரிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 2017இல் கொண்டுவந்ததுதான் பப்ஜி. நூறு பேர் ஒரு விமானத்திலிருந்து பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். துப்பாக்கியும் தோட்டாவும் மருந்துப் பெட்டியும் ஆளில்லாத வீடுகளில் கிடக்கின்றன. ஆடுகளமாகிய வட்டம் சிறுகச் சிறுகச் சுருங்குகிறது. கடைசியில் உயிரோடு நிற்பவர் வெற்றியாளர். அவ்வளவுதான்.

இதில் என்னை ஈர்த்தது சுடுவது அல்ல. நூறு பேரும் வெறுங்கையோடு குதிக்கிறார்களே, அதுதான்!

சொல்லப்போனால், எனக்கு வாழ்க்கையில் அப்படி ஓர் இடம் வேறெங்கும் வாய்த்ததில்லை. என் தந்தையார் கொத்தனார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இக்கல்லூரியில் சேர வந்த நாளில், துணைப்பாடம் என்றால் என்ன என்று கேட்கக்கூட எனக்கு ஆள் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனோடு கல்லூரி ஆசிரியரான அவன் மாமா வந்திருந்தார். படிவத்தை அவரே நிரப்பினார். அவன் மீது எனக்குக் கோபம் இல்லை; இன்று அவன் என் நண்பன். ஆனால் அவன் துப்பாக்கியோடு தரையிறங்கியவன், நான் வெறுங்கையோடு இறங்கியவன் என்பது உண்மை. விளையாட்டில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கூரையின் மேல் ஒரே நிலையில் இறங்கினோம்.

இறங்கிய பிறகு நடக்கும் மேம்பாடு இருக்கிறதே, அது ஓர் அருமையான கலை என்றே சொல்வேன். பப்ஜியில் எம்416 என்றொரு துப்பாக்கி. கண்டெடுக்கும்போது அது வெறும் கூடு. குழல் முனை, முன்பிடி, தோட்டாக்கூடு, பின்கட்டை, குறிநோக்கி என ஐந்து இடங்களில் உறுப்புகளைப் பொருத்தலாம். குழல் முனையில் காம்பன்சேட்டரை மாட்டினால் சுடும்போது துள்ளுவது குறையும். அதே இடத்தில் சைலன்சரை மாட்டினால் சுடுகிறவன் இருக்குமிடம் எளிதில் தெரியாது. இரண்டில் ஒன்றுதான். நீட்டித்த தோட்டாக்கூடு கிடைத்தால் 30 தோட்டா 40 ஆகும். ஏகேஎம் துப்பாக்கிக்கோ முன்பிடியும் இல்லை, பின்கட்டையும் இல்லை. துள்ளலை நம் விரலே அடக்க வேண்டும். ஆனால் அதன் 7.62 தோட்டா பட்டால் வலி அதிகம்.

இங்கே ஒரு தொடக்கக்காரன் நினைப்பான், எல்லா உறுப்பையும் சேர்த்துவிட்டால் வென்றுவிடலாம் என்று. என் அறைத்தோழன் ஒருவன் அப்படித்தான். நல்ல குறிநோக்கி கிடைக்கும்வரை வீடு வீடாகப் புகுவான். வட்டம் சுருங்கி நீலத்திரை முதுகில் உறைக்கும்போதும் இன்னொரு அலமாரியைப் பார்ப்பான். முடிவில் மணமகன்போல் அலங்கரித்த துப்பாக்கியோடு, ஒரு குண்டும் சுடாமல் செத்துக் கிடப்பான். இன்னொருவன் நான்கு மடங்கு பெரிதாக்கும் குறிநோக்கியைப் பெருமையாக மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவான். எதிரில் நிற்பவனின் சட்டைப் பொத்தான்தான் அவனுக்குத் தெரியும். மேம்பாடு என்பது எதைச் சேர்ப்பது என்பதோடு முடிவதில்லை. எப்போது நிறுத்துவது, எதைக் கழற்றி எறிவது என்பதும் அதில் அடக்கம்.

ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டில் இது இன்னும் அழகு. நண்பனின் மடிக்கணினியில் பார்த்திருக்கிறேன். சாம்பல், பச்சை, நீலம், ஊதா, பொன் என்று அங்கே துப்பாக்கிகளுக்கு நிறத்தால் தரம் உண்டு. 2019 அக்டோபரில் அதன் இரண்டாம் அத்தியாயம் வந்தபோது மேம்பாட்டு மேசை ஒன்றைக் களத்தில் வைத்தார்கள். அப்போது மரம், கல், உலோகம் ஆகியவற்றைக் கொடுத்துத் துப்பாக்கியை ஒரு தரம் உயர்த்திக்கொள்ள முடிந்தது. ஆனால் அதே மரமும் கல்லும்தான் அங்கே சுவர் எழுப்பித் தற்காத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தன! துப்பாக்கி உயர்ந்தால் சுவர் குறையும். கொத்தனார் மகனுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. அந்த விளையாட்டிலும் காசுக்கு உடை உண்டு, நடனம் உண்டு. ஆனால் காசு கொடுத்தவனின் குண்டு கூடுதலாகத் துளைப்பதில்லை.

இனி, கடைக்கு வருவோம்.

ஃப்ரீ ஃபயரைப் பற்றி நம் மாணவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 பிப்ரவரியில் நம் நாட்டில் அது தடை செய்யப்பட்டபோது, அதன் மறுபிறவியான மேக்ஸ் தப்பித்துக்கொண்டது. அதிலே துப்பாக்கிக்கு 'ஸ்கின்' என்ற தோல் விற்பார்கள். தோல் என்றால் வெறும் வண்ணம் என்று நினைத்துவிடக் கூடாது. தாக்கும் ஆற்றல் கூடும், சுடும் வேகம் கூடும், வேறேதாவது ஒன்று சற்றே குறையும் என்று அதன் பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் குறி போட்டிருப்பார்கள். நிலைநிலையாக உயரும் 'ஈவோ' துப்பாக்கிகள் வேறு. டைமண்ட் வாங்கப் பணம். டைமண்ட் கொடுத்தால் டோக்கன். டோக்கன் சேர்ந்தால் ஒரு நிலை உயர்வு. ஆக, ஐம்பது பேர் குதிக்கிறோம். ஆனால் தரையில் கிடக்கும் அதே துப்பாக்கி, ஒருவன் எடுத்தால் ஒருவிதமாகவும் மற்றவன் எடுத்தால் வேறுவிதமாகவும் சுடுகிறது. வரிசையில் மாமாவோடு நின்றவன் இங்கேயும் வந்துவிட்டான்!

"வித்தியாசம் சிறிதுதான், திறமை இருந்தால் வென்றுவிடலாம்" என்று நண்பர்கள் வாதாடுவார்கள். அப்படியானால் ஒன்று கேட்கிறேன். இரண்டு அறைக்காரர்கள் சவால் விட்டுத் தனி அறை திறந்து ஆடும்போது, முதலில் என்ன செய்கிறீர்கள்? துப்பாக்கிப் பண்புகளை அணைத்துவிடுகிறீர்கள். யார் உண்மையில் கெட்டிக்காரன் என்று தெரிய வேண்டிய இடத்தில் அது தடையாக இருக்கிறது என்பதை உங்கள் விரலே ஒப்புக்கொள்கிறதே!

இதையெல்லாம் ஒரு யோக்கியனைப்போல் எழுதிக்கொண்டு போக எனக்கு உரிமை இல்லை. சென்ற ஆண்டு நானும் ஒரு துப்பாக்கியை மேம்படுத்தினேன். எந்த விளையாட்டில் என்பது இங்கே தேவையில்லை. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்கில் வந்துகொண்டிருந்தது. தேர்வுக் கட்டணத்திற்கென்று வைத்திருந்த ஒரு மாதப் பணத்தைத் தீபாவளி விடுமுறையில், ஒரே மாலையில், சக்கரம் சுற்றித் தீர்த்தேன். துப்பாக்கி மூன்றாம் நிலைக்கு வந்தது. சுடும்போது நீலச்சுடர் பறந்தது. இரண்டு நாள் பறந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மூன்றாம் நாள் அப்பாவிடம், "இந்த மாசம் பணம் ஏறலப்பா" என்று பொய் சொன்னேன்.

புள்ளியியலைத் துணைப்பாடமாகப் படிக்கிறவன் செய்த காரியம் இது! அந்த மாலையில் என் மனத்தில் ஓடிய கணக்கு என்ன தெரியுமா? நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், நூறு முறை சுற்றினால் கிடைத்துவிடும் என்பதே. பிறகு நிதானமாகத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு சுற்றில் கிடைக்காமற்போகும் வாய்ப்பு 0.99. நூறு சுற்றிலும் கிடைக்காமற்போக 0.99ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை 0.366. அதாவது நூறு பேர் ஆளுக்கு நூறு முறை சுற்றினால் ஏறத்தாழ 37 பேருக்கு ஒன்றும் கிடைக்காது. இருநூறு முறை சுற்றினாலும் 13 பேருக்கு இல்லை. முந்தைய தோல்விகள் அடுத்த சுற்றுக்குச் சேமிப்பாகாது என்பதை வகுப்பில் தேர்வுக்காக எழுதியிருக்கிறேன்; பத்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பெல்ஜிய நாட்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018இல், காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய குருட்டுப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை என்று அறிவித்தது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைக் குறிவைத்தது. நான் சுற்றிய சக்கரத்தில் பணம் திரும்பி வரும் பேச்சே இல்லை. பணம் வராது என்பதாலேயே அது சூதாட்டம் அல்ல என்பார்கள். இழப்பவன் பக்கமிருந்து பார்த்தால் இது வேடிக்கையான நியாயம்!

பொய் நெடுநாள் நிற்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கைப்பேசியை வாங்கி அந்தத் துப்பாக்கியைச் சிறிது நேரம் பார்த்தார்.

"இத யாருக்காவது வித்தா என்னா வரும்?"

"விக்க முடியாதுப்பா."

"தம்பிக்குக் குடுக்கலாமா?"

"முடியாது."

"அப்புறம் எதுக்குடா உன்னுதுங்கிற?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை அரசு தடை செய்தது. அக்டோபர் 30ஆம் நாளோடு அதன் சேவை இந்தியாவில் நின்றது. அன்று ஆயிரக்கணக்கில் செலவழித்து அலங்கரித்தவனும் ஒரு காசும் கொடுக்காதவனும் ஒரே இருண்ட திரையைத்தான் பார்த்தார்கள். மறு ஆண்டு பிஜிஎம்ஐ என்ற பெயரில் அது திரும்பியபோது பழைய பொருள்களை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள் என்பது உண்மைதான். செய்யாமல் விட்டிருந்தால்? கேட்க நமக்கு என்ன பத்திரம் இருந்தது? என் தந்தையார் ஆறு ஆண்டுகள் கையாளாகக் கல்லும் கலவையும் சுமந்த பிறகே கரண்டி பிடித்தார். அந்தக் கரண்டி தேய்ந்து பாதியாகிவிட்டது. ஆனாலும் அவர் பையில் இருக்கிறது. வேண்டுமானால் தம்பிக்குக் கொடுப்பார்.

விளையாட்டையே விட்டுவிடு என்று ஆசிரியர்கள் அறிவுரை கூறலாம். விடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேர்வு இல்லாத நாட்களில் இன்றும் ஆடுகிறேன். ஏகேஎம் துள்ளலை அடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். காசு மட்டும் போடுவதில்லை. அந்த நீலச்சுடர்த் துப்பாக்கி மூன்றாம் நிலையிலேயே நிற்கிறது. அடுத்த நிலைக்கு இன்னும் இத்தனை டோக்கன் வேண்டும் என்று கடை தவறாமல் நினைவூட்டுகிறது. கடன்காரன்கூட இவ்வளவு ஒழுங்காக வரமாட்டான்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவில் கைப்பேசிப் போட்டி ஒன்றையும் சேர்க்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. சேர்த்தால், தனி அறை திறந்து, துப்பாக்கிப் பண்புகளை அணைத்து, கல்லூரியே அமைத்துத் தரும் கணக்கில் எல்லாரும் ஆடும்படி நடத்துங்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம். கணிதத் துறையின் சார்பில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம்.