‘தாவரம்’ என்று எழுதிவிட்டால் போதுமா?



‘தாவர நானோ செல்லுலோஸ் கலந்த நானோ இழை. தண்ணீரில் கரையாது. ரசாயனமே இல்லை’ என்ற செய்தியை ஒரே வாரத்தில் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். முதல் வாக்கியம் சரி. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது பச்சைப் பொய்.

பாலிவினைல் ஆல்கஹால் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். துணி துவைக்கும் திரவத்தைச் சுற்றி, வாஷிங் மெஷினில் கரைந்துபோகிறதே ஒரு உறை, அதுதான். அதன் கரைசலை உயர் மின்னழுத்தத்தில் இழுத்தால் தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய இழை கிடைக்கும். வடிகட்டிக்கும் புண்ணுக்குப் போடும் கட்டுக்கும் அருமையான வலை. ஆனால் தண்ணீர் பட்டதும் கரையும்.

இது பழைய தலைவலி. 1939இல் கியோட்டோவில் சகுராதாவும் கொரியரான ரி சுங்-கியும் இதே பாலிமரில் நூற்ற இழையைத் தண்ணீரைத் தாங்கவைக்க ஃபார்மால்டிஹைடு தேவைப்பட்டது. அதுதான் வினைலான். இழை நின்றது. ஆனால் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. நானோ இழைக்கு ஆய்வகங்களில் சேர்க்கும் குளூட்டரால்டிஹைடும் நச்சுதான்.

இங்கேதான் செல்லுலோஸ் உதவிக்கு வருகிறது. பருத்தியில் பத்தில் ஒன்பது பங்கு செல்லுலோஸ். உங்கள் சட்டை நனைகிறது, கரைகிறதா? அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. நானோ அளவில் கலந்தால் பாலிமரையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு சூடேற்றிப் பதப்படுத்தினால் பிடி இன்னும் இறுகும். நல்ல வழி, நானும் வரவேற்கிறேன்.

ஆனால் ‘ரசாயனமே இல்லை’யா? அந்த நானோ படிகங்களைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படுவது சுமார் 64 சதவீத கந்தக அமிலம். அதைக் கழுவி எடுக்க ஏராளமான தண்ணீர். அந்த அமிலத் தண்ணீர் எந்த ஓடைக்குப் போகிறது? அமிலமில்லாமல் இயந்திரத்தில் அரைத்துப் பிரிக்கலாம். மின்சாரம் நிறைய இழுக்கும். பாலிவினைல் ஆல்கஹாலோ செடியில் காய்ப்பதில்லை, தொழிற்சாலையில் பிறக்கிறது.

“நல்ல காரியத்தைக் குறை சொல்லாதீங்க சார்” என்பீர்கள். நல்ல காரியத்தைக் கெடுப்பது கேள்வி இல்லை தம்பி, பொய் விளம்பரம்தான். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்து உண்மையான பொருள் வந்தாலும் நம்ப மாட்டார்.

ஜவுளியிலும் மருத்துவமனையிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரம், எவ்வளவு சூட்டுத் தண்ணீரில் தாங்கும்? பிணைக்க வேறென்ன சேர்த்தீர்கள், மிச்சம் எவ்வளவு? அமிலக் கழிவை என்ன செய்கிறீர்கள்? பதில் எழுத்தில் வரவேண்டும். அந்த இழை ஒருவர் புண்ணில் படப்போகிறது, இன்னொருவர் குடிக்கும் தண்ணீரை வடிகட்டப்போகிறது. இலைப் படம் போட்ட அட்டை அதற்குச் சான்றிதழ் ஆகாது.

பதில் கிடைத்தால் கீழே எழுதுங்கள். விளம்பரத்தை மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள்.

— உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்