விடையில் எண் மட்டும் போதுமா?

எண் சரியாக வந்துவிட்டதே, அலகுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? படிவம் இரண்டு, மூன்று மாணவர்களுக்குப் பகுதி நேரமாகக் கணிதம் சொல்லித் தரும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. அலகு மாற்றத்தை ஒரு மதிப்பெண் விவகாரமாகவே நாம் கற்று வந்திருக்கிறோம். என்னைக் கேட்டால், அதை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் கற்கத் தொடங்க வேண்டும்.

தண்ணீர்த் தடை அறிவிக்கப்படும்போது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி, “தொட்டியில் இருப்பது எத்தனை நாளுக்கு வரும்?” என்பதுதான். 120 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் 80 செ.மீ. உயரத்திற்கு நீர் இருப்பதாகக் கொள்வோம். பெருக்கினால் 864,000 கன செ.மீ. 1,000 கன செ.மீ. ஒரு லிட்டர் என்பதால், கையிருப்பு 864 லிட்டர், அதாவது 0.864 கன மீட்டர்.

ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே என்று 100ஆல் மட்டும் வகுப்பவருக்கு 8,640 கன மீட்டர் கிடைக்கும். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள நீச்சல் குளத்திலேயே 2,500 கன மீட்டர்தான் இருக்கும். மூன்று குளத்துத் தண்ணீர் நம் வீட்டுத் தொட்டியில் அடங்குமா? நீளம், அகலம், உயரம் மூன்றையும் மாற்றுவதால் 100ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும்.

ஐந்து பேர், மூன்று நாள் தடை என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 57.6 லிட்டர். சிங்கப்பூர் 2030க்குள் எட்ட நினைக்கும் சிக்கன இலக்கே ஆளுக்கு 130 லிட்டர். அதில் பாதிகூட நம்மிடம் இல்லை. ஆகவே சிக்கனத்தை முதல் நாளே தொடங்க வேண்டும். மூன்றாம் நாள் யோசித்துப் பயனில்லை.

தண்ணீர் திரும்பியதும் அடுத்த கணக்கு. 10 லிட்டர் வாளி 75 விநாடியில் நிரம்பினால், நிமிடத்திற்கு 8 லிட்டர். அதே வேகத்தில் காலித் தொட்டி அந்த அளவுக்கு நிரம்ப 108 நிமிடம் ஆகும். அழுத்தம் குறைந்து வாளிக்கு 150 விநாடி பிடித்தால் 216 நிமிடம். கணிப்பொறி அதை 3.6 மணி நேரம் என்று காட்டும். அது 3 மணி 36 நிமிடம். 3 மணி 6 நிமிடம் அல்ல.

“கைப்பேசியே மாற்றித் தருமே” என்பார்கள். தரும். ஆனால் 200 கேலன் தொட்டி என்றால் எந்தக் கேலன்? பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். வித்தியாசம் 152 லிட்டர். எதைத் தட்ட வேண்டும் என்பதை நாம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களே, ஒரு பாடவேளைக்குத் தண்ணீர் பில்லை வகுப்பிற்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். அதில் பயனீடு கன மீட்டரில்தான் இருக்கும். மாணவர்களே, ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் எழுதுங்கள். அடுத்த தடை அறிவிப்பு வரும்போது, தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்று வீட்டில் நீங்களே சொல்லலாம்.